பேட்டரிக்கு முன்னால் வரவைப் பாருங்க

பழைய டிராக்டர் காலையில் செல்ஃப் எடுக்கலைன்னா நம்ம ஆட்கள் நேரே பேட்டரி கடைக்குத்தான் போகிறார்கள். உரச் செலவை மிச்சம் பிடித்து இங்கே கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் மல்டிமீட்டரை வையுங்க. இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறணும். ஏறலையா? வரவே இல்லாத கணக்கு அது (வங்கியில் இருந்தவனுக்கு உவமை இப்படித்தான் வரும்). புதுசு போட்டாலும் சீக்கிரம் காலியாகும்.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கா, டெர்மினலில் உப்பு பூத்திருக்கா பாருங்க. பெயின்ட் மேலேயே முறுக்கின எர்த் வயரை எத்தனையோ வண்டியில் பார்த்துவிட்டேன். அந்த இடத்தைச் சுரண்டி முறுக்கணும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற விடுங்க. 15-க்கு மேலே போனால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணி வற்றிக்கிட்டே இருக்கும்.