இரங்க வேண்டா, இடம் தருக

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒரு பொம்மை பல கைகளைக் கடந்தே உருப்பெறுகிறது. களிமண் கூழை ஒருவர் அச்சில் ஊற்றுகிறார். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. போதிய தடிப்பு ஏறியதும் எஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிடுகின்றனர். அச்சைப் பிரித்தபின், இரு பாதிகளும் சேர்ந்த கோடு பொம்மையின் விலாவில் புடைத்து நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சூளைக்கு அனுப்ப வேண்டும். சற்றே அழுத்தினால் பச்சை மண் நசுங்கும்; அழுத்தாவிட்டால் கோடு போகாது. கைப்பதம் அறிந்தவரே அவ்விடத்தில் அமர முடியும்.

இவ்வேலைகளுள் எதற்கும் ஏட்டுப் படிப்பு முதல் தேவையன்று. ஆயினும், விருத்தாசலத்தையடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் அறிவுசார் குறைபாட்டோடு வாழும் ஓர் இளைஞர் இக்கலையை முறையாகக் கற்க விரும்பினால், அவருக்கு எந்தக் கதவு திறக்கும்? ஊரிலேயே அரசின் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் பட்டயப் படிப்பில் சேரவோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மண்ணைப் பிசையத் தெரிந்த கைக்கு மதிப்பெண் பட்டியல் குறுக்கே நிற்கிறது.

சட்டம் இவ்வாறு நிற்கச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அறிவுசார் குறைபாடும், புறஉலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசமும், குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அதன் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்க்கு வசதியும் ஆதரவும் அளிப்பதையும், கலைப் பாடங்களை அவர்களும் பங்கேற்கும் வகையில் மாற்றியமைப்பதையும் அரசின் கடமையாக்குகிறது. வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். இப்பிரிவை எடுத்துப் பேசுவோர் அரியர்.

நடைமுறை வேறாக இருக்கிறது. சிறப்புப் பள்ளிகளின் தொழிற்பயிற்சி என்றதும் காகித உறையும் மெழுகுவத்தியும் பாக்குமட்டைத் தட்டுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் கண்காட்சி மேசையில் பரப்பி, செய்தவரின் குறைபாட்டை அட்டையில் எழுதி வைக்கிறோம். வாங்குபவர் பொருளைப் பாராமல் அட்டையைப் பார்த்துப் பணம் தருகிறார். இதைக் கொடை என்னலாம். கலைக்குச் செய்யும் மதிப்பு என்னலாகாது. ஒரு படைப்பு நன்றாக இல்லை என்று துணிந்து கூறப்படும் உரிமையும் கலைஞனுக்கு உண்டு. அந்த உரிமையை இவர்களுக்கு நாம் மறுத்தே வருகிறோம்.

உலகம் சற்று முன்னேறியிருக்கிறது. பிரித்தானியாவில் 1984 முதல் வழங்கப்படும் டர்னர் பரிசை 2025இல் நெனா கலு பெற்றார். நாடாக்களையும் துணிகளையும் இறுகச் சுற்றிக் கட்டிப் பெருஞ்சிற்பங்கள் படைக்கும் அவர், அறிவுசார் குறைபாடு உடையவர். அத்தகைய ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. அதற்கும் முன்னோடியாக அமெரிக்காவின் ஜூடித் ஸ்காட் இருக்கிறார். டவுன் நோய்க்குறியோடு 1943இல் பிறந்தவர், செவிப்புலனும் இல்லாதவர். 7 வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, 35 ஆண்டுகள் அங்கேயே கழித்தார். இரட்டைச் சகோதரி அவரை மீட்டு, 1987இல் ஓக்லாந்து நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் சேர்த்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் எதிலும் நாட்டம் காட்டவில்லை. பின்னர் ஒருநாள் நூலையும் கழியையும் கையிலெடுத்துச் சுற்றத் தொடங்கியவர், 2005இல் மறையும்வரை நிறுத்தவில்லை. அவருடைய நூற்சிற்பங்கள் இன்று பெரும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அந்த இரண்டு ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பயனாளிகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் கேட்கும் நம் பயிற்சித் திட்டம் எதுவும், ஒன்றும் செய்யாதிருக்கும் ஒருவரை அத்துணைக் காலம் வைத்துக் காத்திருக்குமா?

தமிழ்த் திரை இம்மனிதர்களை அறியாததன்று. 1990இல் ‘அஞ்சலி’யைக் கண்டு அழுதோம், 2011இல் ‘தெய்வத்திருமக’ளில் விக்ரமின் நடிப்பை வியந்தோம். ஆயின் அவ்வேடத்தை ஏற்கும் வாய்ப்பு அவ்வாழ்வை வாழ்பவருக்குச் செல்வது அரிது. 2025இல் வெளிவந்த இந்திப் படமான ‘சித்தாரே ஜமீன் பர்’ அத்தகைய இளைஞர் பத்துப் பேரையே நடிக்க வைத்தது. நம் இயக்குநர்கள் இதனைக் கவனித்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

மீண்டும் பட்டறைக்கு வருவோம். சூளையருகே மாற்றுத்திறனாளிகளை விடுவது ஆபத்தன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். ஆயிரம் பாகைக்கு மேல் எரியும் சூளை எவர்க்கும் ஆபத்தே. அதற்குப் பயின்றவர் இருக்கிறார். வனைதலும் சீவுதலும் வண்ணந்தீட்டுதலும் நெருப்புக்கு அப்பால் நடப்பவை. ஏமாற்றிச் சுரண்டுவார்களே என்ற அச்சமே நியாயமானது. கூலி எவர் கணக்கில் சேருகிறது, படைப்பின் அடியில் எவர் பெயர் பொறிக்கப்படுகிறது என்பதைக் கண்காணித்தே ஆக வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. காப்பாளரை அமர்த்தும் அக்குழு, கலைஞரின் வருவாயையும் கேட்டறியட்டும்.

இது அவர்கள் நலம் பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரே அச்சில் வார்த்த பிள்ளையாரும் யானையும் ஊரெங்கும் கிடைக்கும் காலத்தில், அச்சுக்கு அடங்காத வடிவங்களே ஒரு பீங்கான் நகரைப் பிழைக்கவைக்கும். மாற்றுத்திறனாளிகளின் கலையாற்றல் அவர்களுக்காக மட்டுமன்றிச் சமுதாயத்தின் வளத்துக்காகவும் மலர வேண்டும் என்றுதான், இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த, அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும் கூறுகிறது.

ஆகவே, விருத்தாசலம் பீங்கான் நிறுவனம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேளாத கைவினைப் பிரிவு ஒன்றைத் தொடங்க வேண்டும். அதற்குக் கால வரம்பு விதிக்கலாகாது. அரசின் கைவினைப்பொருள் விற்பனை நிறுவனமான பூம்புகார் இக்கலைஞர்களின் படைப்புகளைத் தனி மேசையில் ஒதுக்காமல், மற்றக் கலைஞர்களின் படைப்புகளோடு, அதே அளவுகோலால் தேர்ந்து, உரிய விலைக்கு விற்க வேண்டும். மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் அரசு, இதற்கும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே நிதி ஒதுக்குக.