விரலுக்கேத்த வீக்கம்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர், கோவளம்)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா"ன்னு சங்கச் செயலாளர் கேட்டார். "கவிதை எல்லாம் எனக்கு வராதுண்ணே, கியர்பாக்ஸ் பத்தி எழுதட்டுமா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவளம். சனி, ஞாயிறு வந்தால் ஈ.சி.ஆர். ரோட்டில் பறக்கிற கார்களை வேடிக்கை பார்க்கவே பசங்க கூட்டம் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். "மச்சி, அது முந்நூறு ஹார்ஸ் பவர்டா!" என்று ஒருவன் சொன்னால் போதும், வாயைப் பிளப்போம். நம் வகுப்பிலும் இதே பேச்சுத்தான். ஆனால் அந்த முந்நூறையும் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எது, அது எவ்வளவு தாங்கும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

எங்க நைனா மீன்பிடித் தொழில் செய்கிறவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எங்கள் தெருவில் ஒருவர் பைபர் படகில் இருந்த எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சின் மாட்டினார். ஷாப்ட் மட்டும் பழசு. இரண்டாவது வாரம் கடலில் ஷாப்ட் முறிந்துபோய், நைனாதான் கயிறு கட்டி இழுத்து வந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "எஞ்சினு தள்ளுறது ஒரு கணக்கு, ஷாப்டு தாங்குறது ஒரு கணக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும்டா. விரலுக்கேத்த வீக்கம்தான் இருக்கணும்."

அந்தக் கணக்கை நாம் நோட்டில் எழுதியிருக்கிறோம். டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) சுற்றால் பெருக்கி 7,121 ஆல் வகுத்தால் ஹார்ஸ் பவர். இப்போது போட்டுப் பாருங்கள். 6,000 சுற்றில் 300 ஹார்ஸ் பவர் தரும் எஞ்சினின் டார்க் அங்கே சுமார் 356. அதே 300-ஐ 3,000 சுற்றிலேயே தருகிற எஞ்சின் என்றால் 712! பெயருக்கு இரண்டும் "முந்நூறு குதிரை". ஆனால் கியர்பாக்ஸின் தோளில் ஏறுகிற பாரம் ஒன்றுக்கு இரண்டு மடங்கு. அதற்கு மேல், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு எஞ்சின் டார்க்கைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். வண்டியின் எடை கூடினால் சுமை இன்னும் கூடும். ஆகவே "எத்தனை ஹார்ஸ் பவர் தாங்கும்?" என்று கேட்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வாங்குகிறவர் பாதிக் கேள்விதான் கேட்கிறார். எத்தனை டார்க், எந்தச் சுற்றில், எவ்வளவு எடை, எதற்கு ஓட்டப்போகிறோம் என்ற நாலும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி.

"ஆட்டோமேட்டிக்கா? அது ஓட்டத் தெரியாதவங்க வண்டி"ன்னு சொல்கிற நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஜெனரல் மோட்டார்ஸ் 1950-இல் கொண்டுவந்த பவர்கிளைடு என்ற கியர்பாக்ஸில் முன்னோக்கிப் போக இரண்டே கியர்தான். அந்த அமைப்பைத்தான் நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் பலப்படுத்தி இன்றும் மாட்டுகிறார்கள். கியர் மாற்றும் வேலை குறைவு, உள்ளே உடைய வேண்டிய சாமானும் குறைவு. அதே நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400-க்கு மூன்று கியர், விகிதம் 2.48, 1.48, 1.00. 1976-இல் பெராரி தன் முதல் ஆட்டோமேட்டிக் காரை வெளியிட்டபோது, பன்னிரண்டு சிலிண்டர், 340 குதிரைச் சக்தி எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியது இந்த அமெரிக்க கியர்பாக்ஸைத்தான். ரோல்ஸ் ராய்ஸும் இதை வாங்கி மாட்டியது. தாங்குகிற பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே போய் வாங்கினார்கள். அவர்களே கூச்சப்படவில்லை, நமக்கு என்ன கௌரவம்?

ஆனால் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவருக்கு மூன்று கியர் பெட்டி சரிவராது. எஞ்சின் கத்திக்கொண்டே போகும். அதன் வழியில் 1991-இல் வந்த 4எல்80-இ என்ற பெட்டியில் நாலாவதாக 0.75 என்ற ஓவர்டிரைவ் உண்டு. 3,000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே வேகத்தில் 2,250-க்கு இறங்கிவிடும். ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும், ஒயரிங் வேண்டும், அது தெரிந்த ஆள் வேண்டும். ஒன்று வாங்கினால் கூடவே நாலு செலவு.

இனி மாற்றுகிற வேலைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றினேன்.

போன கோடை விடுமுறையில் ஒரு பட்டறையில் வேலைக்குப் போனேன். பழைய வெளிநாட்டு கார் ஒன்று, எட்டு சிலிண்டர். அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் படுத்துவிட்டதால், அதைவிடப் பலமான இன்னொன்றை ஓனர் வரவழைத்திருந்தார். கிராஸ் மெம்பரை நகர்த்தினோம், புரொப்பெல்லர் ஷாப்டை வெட்டிக் குட்டையாக்கி பேலன்ஸ் பார்த்து வாங்கினோம், ஆயில் கூலருக்குக் குழாய் இழுத்தோம். எல்லாம் சரி. கடைசியில் கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது அரை அங்குலம் இடைவெளி நின்றது. "போல்ட்டை முறுக்குங்கடா, தானா வரும்" என்றார் மெக்கானிக். ஹெல்பர் பையனும் நானும் முறுக்கினோம். வந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கியர் எதுவும் பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் பம்ப் உடைந்து கிடந்தது.

காரணம் என்ன? கன்வெர்ட்டரை முதலில் கியர்பாக்ஸுக்குள் தள்ளிச் சுற்றிச் சுற்றி உட்கார வைக்க வேண்டும். ஷாப்டின் பல், ஸ்டேட்டரின் பல், பம்பின் பிடி என்று ஒவ்வொன்றாக "டக், டக்" என்று இறங்கும். கடைசி "டக்" விழவில்லை என்றால் போல்ட்டில் கை வைக்கவே கூடாது. எஞ்சினோடு சேர்த்த பிறகும் கன்வெர்ட்டருக்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். எங்களுக்கு அது இல்லை. பம்பின் மேல் எஞ்சினையே அழுத்தி உடைத்துவிட்டோம்.

பழி ஹெல்பர் மேல் விழுந்தது. அவனுக்கும் என் வயசுதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வசதியில்லை. மூன்று வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் போல்ட்டுகளில் இரண்டு நான் முறுக்கியவை. "டிப்ளமா படிக்கிற தம்பி" என்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நண்பர்களே, அந்தப் பாடத்தில் எனக்கு 82 மார்க். டார்க் கன்வெர்ட்டர் படம் போட்டு எல்லாப் பாகமும் குறித்திருந்தேன். அந்த "டக்" எந்தப் படத்திலும் இல்லை!

கண்ணாடிப் பெட்டிக்குள் வெட்டி வைத்த மாடலைப் பார்த்து இது வராது, கை வைத்தால்தான் வரும். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை ஓடுகிறது. அங்கே பூட்டுகிற கார்களில் போவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். 2018-இல் அந்த நிறுவனம் நாடெங்கும் உள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு 365 எஞ்சின், கியர்பாக்ஸ்களை மாணவர்கள் பழக இலவசமாகத் தரும் திட்டத்தை அறிவித்தது. கழற்றிப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது என் ஒருவன் ஆசை மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஆளாளுக்குக் கார் மாற்றச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. ரோட்டில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வேகம் காட்ட இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது, ஈ.சி.ஆர். எங்கள் ஊர் ஜனங்கள் குறுக்கே நடக்கிற ரோடு. நான் கேட்பது கைவேலை அறிவு மட்டும்தான்.

ஆகவே மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாச் செலவில் கொஞ்சம் குறைத்து, காயலான் கடையிலிருந்து செத்துப்போன ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றைக் கன்வெர்ட்டரோடு வாங்கி ஒர்க்‌ஷாப்பில் போடுங்கள். ஓட வேண்டாம், கழற்றிப் பூட்ட வந்தால் போதும். நிர்வாகத்திடமும் சேர்ந்து கேட்போம். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அந்தக் கடைசி "டக்" சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு டிப்ளமாவை வாங்குவோம்.

அந்த ஹெல்பர் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான். போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு போல்ட் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும்ணே, விடு" என்றான். நான் இன்னும் விடவில்லை.