மலையருவிக்குப் புறப்படுமுன்

பெருநாள் லீவுக்கு மலைப்பக்கம் போவோம் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டால் வீட்டில் நிம்மதி ஏது? முன்பெல்லாம் நுவரெலியாப் பூந்தோட்டத்தைக் காட்டினால் ஆசை அடங்கிவிடும். இப்போதோ கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலால் சறுக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து அருவியில் ஏறி இறங்க வேண்டும். "பொம்புளப் புள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று வாப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். நடுவில் நின்று யோசிக்க வேண்டியவர் உம்மாதான். போகலாம் சகோதரிகளே, ஆனால் ஆயத்தத்தோடு போக வேண்டும்.

கம்பிச் சறுக்கலுக்குப் பேர்போனது எல்ல. கண்டக்குழியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரமல்ல அது. ஒருநாள் பயணத்துக்குக் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலதான் தோது. அதுவும் 200 கிலோமீட்டருக்குக் குறையாது. ஸுபஹுக்கு முன்பே வேன் புறப்பட்டால்தான் பகலில் நேரம் கிடைக்கும். பயணத் தூரம் என்பதால் ளுஹரையும் அஸரையும் சுருக்கி, சேர்த்துத் தொழுதுகொள்ளலாம். அந்தக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது மழையைப் பற்றித்தான். கடற்கரையில் பிறந்த நமக்குத் தண்ணீர் புதிதல்ல என்ற நினைப்பு உண்டு. கடல் வானத்தையும் காற்றையும் காட்டி எச்சரிக்கும். மலை ஓடை அப்படியல்ல. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத மேல்மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். நம் கரையில் மணலை வாரி முகத்தில் அடிக்கும் அதே சோழகக் காற்றுதான் கித்துல்கல மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. ஆகவே நம் வீட்டு முற்றத்து வானத்தைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் 2024இலும் 2025இலும் ஜூன் மாதத்தில் வந்தது. தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் காலம் அது. அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது 2016 மே மாதத்தில். கித்துல்கலவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். வேறு மாதத்தில்தான் போக முடியும் என்றால், முதல்நாள் இரவு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று வானொலிச் செய்தியில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் பேசலாம். வேனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்றே என்று மழையில் கிளம்புவதைப் போல் மடமை வேறில்லை. ஓடைத் தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, பையையும் செருப்பையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். களனி ஆற்றில் இறங்குவோர் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மேலே மின்நிலையத்திலிருந்து நீர் விட்டால், மழையில்லாமலே ஆறு உயரும்.

இனி உடை. இடுப்புப் பட்டி தொடைகளைச் சுற்றி இறுகும்; அபாயாவை அணிந்து அதை மாட்டினால் துணி மேலே ஏறிவிடும். தளர்வான சல்வாரும், இரு பக்கமும் வெட்டு வைத்த முழங்கால் அளவுச் சட்டையும் நல்லது. பருத்தி நனைந்தால் பாரமாகி உடம்பைக் குளிரவைக்கும். விரைவில் காயும் துணியாகப் பாருங்கள். தொங்கும் துப்பட்டாவும் பின்னிவிட்ட கூந்தலும் கப்பியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தலைக்கவசத்துக்குள் அடங்கும்படி, ஊசி குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கும் ஸ்கார்ஃப் அணிந்து, அதன் முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். மோதிரமும் காப்பும் வீட்டிலேயே இருக்கட்டும். பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்பு உதவாது. வார் கட்டிய பழைய சப்பாத்து போதும்.

பட்டியைப் பூட்டிவிடுபவர் பெரும்பாலும் ஆணாகவே இருப்பார். பெண் பணியாளர் உண்டா, உடை மாற்ற மூடிய அறை உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், முதலில் உங்கள் கணவருக்கோ தம்பிக்கோ பூட்டிக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்து நீங்களே ஒருவருக்கொருவர் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர் ஒவ்வொரு கொக்கியையும் பார்த்துச் சரி சொல்லாமல் கால் தரையை விட்டு எழக்கூடாது. இதில் வெட்கம் பார்க்காதீர்கள். கர்ப்பிணிகள் கம்பியிலும் ஏறக்கூடாது, அருவியிலும் ஏறக்கூடாது. இன்னும் யாரிடமும் சொல்லாத இரண்டு மாதக் கர்ப்பம் என்றாலும் அப்படித்தான். தலைவலி என்று சொல்லிக் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள். இழுப்பு, இதயநோய், வலிப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

அட்டை கடித்தால் அலற வேண்டியதில்லை. நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவுங்கள். இரத்தத்தை உறையவிடாத ஒன்று அதன் உமிழ்நீரில் இருப்பதால், சற்று நேரம் கசிந்துதான் நிற்கும். காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளையை மட்டும் ஓடையில் இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே புகும். திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், பனடோலோடு நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மலை ஓடையில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.