மூடுபனியும் பாலைவழியும்

எட்கார் உல்மர் 1945இல் இயக்கிய ‘டீட்டூர்’, அதாவது ‘சுற்றுவழி’, 70 நிமிடமும் ஓடாத சிக்கனப் படம். நியூயோர்க் வீதியைக் கட்டிக்காட்டக் காசில்லை, மூடுபனியைப் பரப்பிவிட்டார்! ஓரிடத்தில் படச்சுருள் இடம்வலம் மாறியதால் அமெரிக்கக் கார்கள் நம் நாட்டிற்போல் இடப்புறமாக ஓடுகின்றன.

மணக்க விரும்பிய காதலியை நாடிக் கலிபோர்னியாவுக்குச் செல்கிறான் ஒரு பியானோக் கலைஞன். அவனைக் காரில் ஏற்றியவர் பாலைவழியில் மாண்டுபோகிறார். பழிக்கஞ்சி உடலை மறைத்து, அவர் பெயரையும் காரையும் தனதாக்கிக்கொள்கிறான். எல்லாம் விதி என்கிறான். ஆனால் கதை சொல்பவனும் அவனே அல்லவா? நாம் அவன் கூற்றை முழுதும் நம்பவில்லை. ஆயினும், வழியிலே அவன் ஏற்றிக்கொண்ட பெண்ணாக வரும் ஆன் சவேஜ், கண்ணயர்ந்திருந்தவள் சட்டென நிமிர்ந்து, பிணத்தை எங்கே விட்டாய் என்று வினவுகையில், அவனோடு நாமும் திடுக்குற்றோம்.