பத்தனையும் தங்கமலையும்

பண்டாரவளைப் பகுதியிற் கல்வி பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் என் மேசையில் உள்ளது. புதர்வெளி, சோலை, ஏரி ஆகிய மூன்றினூடும் விடுமுறை நாளில் நடந்து செல்லும் ஒரு குடும்பத்தைப் பற்றி ஆங்கில வாசிப்பு நூலொன்றிற் படித்தாராம். அத்தகைய இடங்கள் நம் ஊவாவில் உண்டா, உண்டெனின் தாயாரையும் தம்பி தங்கையரையும் அழைத்துச் செல்லத் தக்கவையா என்று வினவுகின்றார். வினாத்தாளில் வரக்கூடிய வினாக்களையே கேட்டுப் பழகிய ஆசிரியனுக்கு இப்படி ஒரு வினா வருவது விருந்து போன்றது. விடை சற்று நீளும், நேயர்கள் பொறுத்தருள்க.

முதலிற் புதர்வெளி. ஆங்கிலேயர் ‘ஹீத்’ என்பது வளங்குன்றிய மண்ணிற் குறுஞ்செடிகள் படர்ந்து கிடக்கும் திறந்த வெளி. அதற்கு ஒப்பாக நாம் காட்டத்தக்கது பத்தனை. பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த குன்றுகளில், காடும் இன்றித் தேயிலையும் இன்றிப் புல் மட்டுமே போர்த்த சரிவுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் பேருந்துச் சாளரத்தின் வழியே கண்டதன்றி, இறங்கி நின்று கண்டவர் சிலரே. அங்கே மிகுதியாய் வளர்வது மானாப்புல். ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம் கமழும். தைலம் வடிக்கும் சித்திரனெல்லாப் புல்லுக்கு இது நெருங்கிய உறவு. தீ பரவினால் மேலே உள்ள தாள் எரியும். மண்ணுள் இருக்கும் வேர்க்கட்டை எரியாது. அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்க்கும்.

இப்புல்வெளி இயற்கையாய் அமைந்ததா, அன்றி மனிதர் காடழித்துத் தீயிட்டதனால் உண்டானதா என்னும் வாதம் பழையது. பியர்சன் என்னும் தாவரவியலார் 1899ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பத்தனைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். மழை குறைந்த சரிவுகளும் மெலிந்த மண்ணும் ஒரு பாதி, மனிதர் இட்ட தீ மறு பாதி என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஊவாவின் உலர்ந்த பத்தனைகளிலும் அவற்றின் கீழுள்ள சரிவுகளிலும் ஆங்காங்கே தனித்து நிற்கும் மரங்கள் யாவை என்று பார்த்தால் இக்கருத்து வலுப்பெறும். நெல்லி, கடுக்காய், தான்றி! தீயின் சூட்டைத் தாங்கும் மரங்களே இவ்வெளியில் எஞ்சியிருக்கின்றன. நம் பாட்டிமார் திரிபலைச் சூரணத்துக்குக் கடையில் வாங்கிய மூன்று சரக்கும் இம்மூன்று மரத்தின் காய்களே.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் தேயிலை நின்ற நிலத்திற் பழைய செடிகளைப் பிடுங்கி மறுபடி நடுவதற்கு முன், இளைத்த மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை புல் வளர்ப்பது தோட்டங்களின் வழக்கம். அதற்குத் தேர்ந்தெடுக்கப்படும் புற்களுள் ஒன்று இந்த மானா. பயனற்றதென்று நாம் கடந்து செல்லும் புல்லே தேயிலை மண்ணுக்கு மருந்தாகின்றது.

பத்தனையைக் காலால் அறிய விரும்புவோர் எல்லவுக்குச் செல்லலாம். அங்கே சின்னச் சிவனொளிபாதமலை என்று வழங்கும் குன்று 1,141 மீற்றர் உயரமே உடையது. பசறை வீதியிலிருந்து பிரியும் பாதை தேயிலைக்கு நடுவே சென்று, படிகள் ஏறி, புல் மூடிய முகட்டில் முடிகின்றது. சிறுவரும் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுவர். யூலை முதல் செப்தெம்பர் வரை கச்சான் வீசும் பருவத்திற் செல்வோர் தொப்பியைக் கையிற் பிடித்துக்கொள்க. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவுள் இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்த நறுமணம் இவ்வறட்சியின் பயனே. பத்தனை தீப்பற்றுவதும் இக்காலத்திலேதான். ஆதலால் தீக்குச்சி கொண்டு செல்லாதிருத்தல் நன்று.

அடுத்தது சோலை. இதற்கு அப்புத்தளைக்குச் செல்லுதல் வேண்டும். நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 2 மைல் நடந்தால் அடிசம் மாளிகை வரும். அதனை அடுத்துத் தங்கமலைக் காடு. 1938ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் இடம் இது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அரசாங்க ஏடுகளிலும் இதன் பெயர் தங்கமலைதான். எங்கும் தமிழ்ப் பெயர் திரிந்து வழங்கும் நாட்டில், ஒரு தமிழ்ப் பெயர் பிற மொழிகளிலும் அப்படியே நிலைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

காட்டுள் நுழைந்ததும் வெயில் மாறும், ஒலியும் மாறும். மரங்கள் உயரம் குறைந்து, கிளை முறுக்கி, பாசி போர்த்து நிற்கின்றன. கீழே அடர்ந்திருக்கும் புதர்ச்செடிகளுட் சில நெலு எனப்படுவன. இவை நம் சங்கப் புலவர் பாடிய குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தவை. நெலுவிற் சில வகைகள் பல ஆண்டுக்கு ஒருமுறையே ஒருங்கே பூக்கும். குறிஞ்சித் திணையை மனப்பாடம் செய்யும் மாணவர் அதன் உறவினத்தைத் தம் மாகாணத்திலேயே தொட்டுப் பார்க்கலாம் என்பதை எந்த உரையாசிரியரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. மழைக்காலத்தில் அட்டை உண்டு. காலில் நன்றாய்ச் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அதன் தொல்லை குறையும்.

அடிசம் மாளிகையைத் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் வெள்ளைத்துரை 1931ஆம் ஆண்டு கட்டுவித்தார். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே அதற்கு இட்டார். 1960களில் அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. அவர்கள் தோட்டத்துப் பழங்களைக் கொண்டு செய்யும் ஜாம் சுவையானது. துரை தம் ஊர் நினைவாக இம்மாளிகையைக் கட்டிய மறுவருடம், அவருடைய நாட்டிலே நடந்ததொன்று நம் மாணவர் அறியத்தக்கது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மாஞ்செஸ்ரர் நகரத்தையும் அதன் சூழலையும் சேர்ந்த தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கௌட் என்னும் புதர்மேட்டில் அனுமதியின்றி ஏறினர். பணக்காரர் பறவை வேட்டையாடுவதற்கென அடைத்து வைத்திருந்த நிலம் அது. ஓய்வு நாளில் மலைக்காற்று வாங்குவது தமக்கும் உரியது என்பதே அவர்கள் கேட்ட நியாயம். ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்தில் நடமாடும் உரிமைக்கு வழிசெய்யும் சட்டமொன்று அங்கே நிறைவேறியது. அம்மாணவர் படித்த இனிய பாடத்தில் அக்குடும்பம் தடையின்றி நடந்ததற்குப் பின்னே இத்தகைய போராட்டமும் இருந்தது.

நம் தோட்டங்களிலோ, வெளியார் எல்லையுள் கால் வைக்கவே துரையின் உத்தரவை எதிர்பார்த்த காலம் இருந்தது. உள்ளே வாழ்ந்தவருக்கு நடை என்பது கொழுந்துக் கூடையோடு மலையேறும் நடையே. மகிழ்ச்சிக்காக நடப்பது வெள்ளைக்காரர் வேலை என்னும் எண்ணம் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றது. ‘வேலை வெட்டி இல்லாமல் மலையைச் சுற்றுகிறான்’ என்று பிள்ளையை ஏசாத வீடு எது? நாள் முழுதும் நடந்து ஓய்ந்த கால்கள் அவ்வாறு பேசுவதிற் குற்றமும் காண முடியாது.

இதனை நன்கு உணரச் செய்வது தம்பேதன்னைத் தோட்டம். கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்ரன் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து பார்த்த முகடு லிப்ரன் ஆசனம் என்று பெயர் பெற்றது. தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து 7 கிலோமீற்றர் தூரம் தேயிலை நடுவே வளைந்து ஏறும் வீதி அது. முதியோர் உடன் வந்தால் வண்டியில் ஏறி, கால்நடையாய் இறங்குக. காலை ஒன்பது மணிக்குள் மேலே நிற்க வேண்டும்; பின்னர் மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வீதியின் இருமருங்கும் கற்களை அடுக்கிக் கட்டிய அணைகளையும், வீதியை வெட்டிச் செல்லும் குறுக்குப் பாதைகளையும் கவனியுங்கள். ஆசனத்துக்குப் பெயர் உண்டு. அணை கட்டியவருக்கும் பாதை இட்டவருக்கும் அங்கே பெயர்ப்பலகை இல்லை.

அவர்களுடைய முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்தனர். ஊவாத் தோட்டங்களுக்கு வந்தோர் அதற்கு மேலும் மலையேறி நடந்தனர். வாந்திபேதியில் வழியிலே மாண்டவர் பலர். அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1893இல்; தலைமன்னார்ப் பாதை திறந்தது 1914இல். மலையக மக்கள் வந்த 200ஆம் ஆண்டை முன்னிட்டு 2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் ஒன்றுகூடி அவ்வழியே நடந்தனர். ஊவாவில் அதற்கு ஈடான நடை இன்னும் எழுதப்படவில்லை. பதுளைத் தோட்டங்களின் வாழ்வைக் கதைகளிற் பதித்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) அவர்களின் பெயரிலேயே ஒரு தோட்டம் இருக்கின்றது. அவரைப் படித்த மாணவர் எத்தனை பேர் அத்தோட்டத்துப் பாதையில் நடந்திருப்பர்?

மலைமுகட்டில் நிற்பவர் தெற்கே கீழ்நோக்கிப் பார்க்கையில் ஒரு பெயரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அத்தென்சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் பதுளை மாவட்டத்திற் பல இடங்களைச் சரித்தது. ஆகவே, நான் எழுதியதை மட்டும் நம்பிப் புறப்படாமல், பாதை சீராய் உள்ளதா என்று அவ்வூராரிடம் கேட்டறிந்து செல்க. மழை பெய்த மறுநாள் எந்தச் சரிவிலும் ஏறற்க. தோட்டத்தினூடே செல்லுமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுதல் முறை. லயத்து வாசலைக் கடக்கையிற் புகைப்படக் கருவியைப் பைக்குள் வைத்தலும் முறையே.

எஞ்சியது ஏரி. இங்கிலாந்தினைப் போல் இயற்கை ஏரிகள் நம் மலைகளில் இல்லை. நம் மலைநீர் தேங்குவதில்லை. துன்ஹிந்தையிற் போல 200 அடிக்கு மேல் குதித்து ஓடிவிடுகின்றது. தேங்கிய நீர் காண, பதுளை மாவட்டத்தின் வடக்கே மலையிறங்கி மகியங்கனைக்கு அருகிலுள்ள சொரபொர வாவிக்குச் செல்லுதல் வேண்டும். பழங்கால மன்னர் காலத்துக் குளம். அதன் மதகு கற்பாறையைக் குடைந்து அமைத்தது. கரை சமதரை, தள்ளுவண்டியிற் குழந்தையை வைத்தும் செல்லலாம். மலையகத்துப் பிள்ளைகள் அங்கே சென்றவுடன் காற்சட்டையை மடித்துக்கொண்டு நீரில் இறங்கப் பார்ப்பர். ஆழம் அறியாத நீர், கைப்பிடித்து நிறுத்துக. பிற்பகல் வெயில் கடுமையாதலால் காலையிலோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ கரையில் நடப்பது இதம். பதுளைக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடனே நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.