பூட்டிய வீடும் பிரிக்காத பாகமும்

 

நெய்வேலி நகரியத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகள், நேரான சாலைகள், வீட்டுக்கு வீடு மாவும் பலாவும். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கிராமத்து மக்கள் விட்டுக்கொடுத்த மண்ணில் எழுந்த அந்த நகரத்தில் ஒரு புதுமை உண்டு. நிறுவனக் குடியிருப்பில் வாழும் எவரும் தாம் வாழும் வீட்டுக்கு உரிமையாளர் அல்லர். பணியில் உள்ளவரை குடியிருக்கலாம். ஓய்வு பெற்றபின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகள் தவழ்ந்த கூடத்தையும், கையால் நட்ட பலாமரத்தையும் விட்டுப் புறப்படுவது எளிதன்று. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. மூத்தவர் வெளியேறினால், அவ்வீட்டை இளையவர் ஒருவர்க்கு ஒதுக்க முடியும். வீடு ஒருவருடைய ஆயுளோடு கட்டுண்டு கிடப்பதில்லை.

நகரியத்தின் எல்லையைத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஓய்வு பெற்றவர்கள் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொண்டு இந்திரா நகரிலும் வடலூரிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் சொந்த வீடின்றி இருந்தவர்க்கு அந்த ஆசை இயல்பே, அதில் குற்றமில்லை. ஆனால் கையில் மொத்தப் பணத்தோடு பலர் ஒரே பகுதியில் மனை தேடும்போது விலை ஏறுகிறது. மாதக் கூலியில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த விலை எட்டுவதில்லை. அவர் வாடகை வீட்டிலேயே காலம் கழிக்கிறார்.

அந்த வீடு பின்னர் என்ன ஆகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், சுரங்கத்தில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றபின் மாடி வீடு ஒன்று கட்டினார். மக்களில் ஒருவர் சென்னையில், ஒருவர் வளைகுடாவில். பெண்மக்கள் இருவரும் கணவர் ஊரில். அவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய மனைவி ஆறு மாதம் ஒரு மகன் வீட்டிலும் ஆறு மாதம் ஒரு மகள் வீட்டிலுமாக இருக்கிறார். மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. அதே தெருவில் இரண்டு பிள்ளைகளோடு ஓர் இளம் தம்பதியர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கின்றனர்.

இது ஒரு தெருவின் கதை மட்டுமன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். இந்திய நகரங்களின் வீடுகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு காலியாக இருப்பதாக 2017-18 ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை கூறியது. முதியோர் மிகுந்த ஜப்பானிலோ 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 90 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. வாரிசுகள் பெயர் மாற்றாமல் விட்டுவிடுவதைத் தடுக்க, மூன்றாண்டுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்நாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆளில்லாத வீடு விற்பனைக்கும் வருவதில்லை, வாடகைக்கும் வருவதில்லை. இருக்கும் வீடுகள் குறைந்தாற்போல் ஆகி, எஞ்சியவற்றின் விலை ஏறுகிறது.

நம் சமுதாயத்திற்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மார்க்கம் நமக்குப் பாகத்தை வகுத்துத் தந்திருக்கிறது. நாமோ பிரிக்காமல் வைத்திருக்கிறோம். மேற்சொன்ன குடும்பத்தையே கணக்கிடுங்கள். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதை 48 பங்காக்கினால் மனைவிக்கு 6. மகன்மாருக்குத் தலைக்கு 14. பெண்மக்களுக்குத் தலைக்கு 7. ஒரு நாளில் முடியக்கூடிய கணக்கு இது. தள்ளிப்போட்டால் என்ன நேரும்? நாளை மகன்களுள் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய 14 பங்கில் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு என்று பாகம் மேலும் சிதறும். பிள்ளைகள் சிறுவராயின் அவர்களுடைய பங்கைத் தாய் தானே விற்றுவிட முடியாது. நீதிமன்றத்தை நாட வேண்டும். அப்புறம் அந்த வீட்டை வாங்க எவர் துணிவார்?

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். பாகம் பிரிக்காத வீடுகளில் பெரும்பாலும் இழப்பவர்கள் பெண்களே. "கல்யாணத்தின்போது சீர் செய்தோமே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையெழுத்தைப் பெறுகிறோம். சீர் நாம் விரும்பிக் கொடுத்தது. பாகமோ அல்லாஹ் கொடுத்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கணவரை இழந்த தாயின் எட்டில் ஒரு பாகத்தைப் பற்றி வாய்திறப்பவர்கூட இல்லை.

சரி, பெரியவர்கள் என்ன செய்யலாம்? ஹயாத்தோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்க விரும்புவோர், கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், அனுபவத்தில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் நிறைவேற்ற வேண்டும். வாய்மொழி ஹிபாவும் செல்லும் என்றாலும் எழுதிப் பதிவு செய்வதே பின்னாளில் வழக்கைத் தவிர்க்கும். பிள்ளைகளுக்கிடையே நீதி தவற வேண்டாம். வஸிய்யத்து எழுதுவோர், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதையும், மற்ற வாரிசுகள் இசையாதவரை ஒரு வாரிசுக்கு அது செல்லாது என்பதையும் நினைவில் கொள்க.

அதற்காக இருக்கும் கூரையையும் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டைப் பெற்றுக்கொண்டபின் பெற்றோரை மறந்த மக்களும் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிப்புத் தவறினால் இரத்துச் செய்ய 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நலம். கொடுக்க மனமில்லையேல் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மாடியைப் பூட்டி வைக்காமல் நியாயமான வாடகைக்கு விடுங்கள். உங்களுக்கு ஹலாலான வருவாய்; ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நிழல். தனிமையில் அழைத்தால் வர அண்டையில் ஆளும் இருக்கும்.

இளையவர்களுக்கும் ஒரு சொல். தந்தையின் ஜனாஸாவுக்கு வந்த விமானத்திலேயே திரும்பிவிடாதீர்கள். கடனைத் தீர்த்து, தாயையும் சகோதரிகளையும் அமரவைத்து, ஜமாஅத்துப் பெரியவர் முன்னிலையில் பாகத்தைப் பேசி முடியுங்கள். தாய் அந்த வீட்டிலேயே வாழ விரும்பினால், அவர் காலம்வரை எவரும் விற்கச் சொல்வதில்லை என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.

நெய்வேலியில் ஓய்வு பெறுகிறவர் எந்த நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவார், அதற்கேற்ப ஆயத்தமாகிறார். நாமும் ஒரு நாள் எல்லாச் சாவிகளையும் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தாம். அந்த நாள் எதுவென்று மட்டும் நமக்குத் தெரியாது. ஆகவே இந்த மாதமே பத்திரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நீதியையும் பரக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.