ஒரே உலை, மூன்று குடும்பம்

கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறி, ஆளுநர் ஒப்புதலும் பெற்றுவிட்டது. மிரட்டி வசூலித்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வசூல் நெருக்கடி தாங்காமல் ஒருவர் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றமும் சேரும். ஊராட்சிக் கூட்டமைப்புகளில் வேலை செய்பவர்களும் குடும்ப வரவு செலவு ஆலோசகர்களும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: இதில் நம் இதழின் நிலை என்ன?

ஆதரிக்கிறோம். வாசலில் நின்று நாலு பேர் கேட்கப் பேசுவதும், ரேஷன் கார்டைப் பிடுங்கி வைப்பதும், கடன் குழு கூடும் சென்டரில் மற்ற பெண்களை உட்காரவைத்து ஒருத்தியின் டியூவுக்காக, அதாவது தவணைக்காக, இரவு வரை காக்கவைப்பதும் குற்றம் என்று ஒரு சட்டம் சொன்னால் அதை எதிர்க்க நமக்கு முகாந்திரம் இல்லை. ஆனால் பெரிய நம்பிக்கையோடு ஆதரிப்பதாகவும் சொல்ல முடியாது. 2003-இல் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று தெருவில் புழங்கும் பெயர்களைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீயில் கருகியபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினான்கு.

இன்னொரு பக்கம், சட்டத்துக்குப் பயந்து நுண்கடன் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டால் நம் பெண்கள் எங்கே போவார்கள் என்ற கவலையும் வந்திருக்கிறது. ஆந்திராவில் 2010-இல் நுண்கடன் அவசரச் சட்டம் வந்த பிறகு நிறுவனங்கள் அப்படி ஒதுங்கிக்கொண்டது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். கவலை நியாயமானதுதான். ஆனால் ஒருவருக்கு மூன்று நிறுவனம், மொத்தம் 2 லட்சம் என்று நுண்கடன் துறையே தனக்கு எல்லை போட்டுக்கொண்டது இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே. கை இறுகத் தொடங்கிவிட்டது. அதற்கு இந்தச் சட்டத்தை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சட்டம் வசூல்காரர் வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை செய்கிறது. கட்ட முடியாத கடன் எந்தத் தாளில் எழுதப்பட்டது, அந்தத் தாளில் குடும்பம் என்று யாரை எண்ணினார்கள் என்பதற்குள் அது போகவில்லை. போகவும் முடியாது. அந்தத் தாள் ரிசர்வ் வங்கியுடையது.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் நுண்கடன் நெறிமுறையை யாருக்கும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை, அடமானம் கிடையாது, எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கிராமத்துக்கு 1.25 லட்சம், நகரத்துக்கு 2 லட்சம் என்றிருந்த பழைய வருமான வரம்பும், வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் போயின. அதைப் பற்றி அப்போதே எல்லோரும் பேசினார்கள். யாரும் பேசாமல் விட்டது குடும்பம் என்பதற்கான வரையறை. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் இதைச் சொல்வது முதல் முறையல்ல என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதன் விளைவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

நம் களத்தில் அடிக்கடி பார்க்கிற மாதிரி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓட்டு வீடு, முன்னால் தகரம் இறக்கியிருக்கிறது. மாமியார் விதவை, மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம். மூத்த மகன் சென்டரிங் வேலை, ஆண்டுச் சராசரி பார்த்தால் மாதம் 15,000. அவன் மனைவி ஜாக்கெட் தைத்து 3,000, மகளிர் உரிமைத் தொகை 1,000. இரண்டு பிள்ளைகள் பள்ளியில். இளையவனுக்குப் போன தையில் கல்யாணம், மேஸ்திரிக்குக் கையாளாகப் போய் 12,000. அவன் மனைவிக்கு இன்னும் வருமானம் இல்லை. ஏழு பேர், ஒரு சிலிண்டர், ஒரு ரேஷன் கார்டு. உலை ஒன்றுதான்.

ரேஷன் கடைக்கு இது ஒரு குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஒரு குடும்பம்தான், ஏனென்றால் அங்கே வரையறை பொதுச் சமையல். ரிசர்வ் வங்கிக்கு மட்டும் இது மூன்று: மூத்தவன் குடும்பம், இளையவன் குடும்பம், தனியாளாக ஒரு கிழவி.

இப்போது தவணையைக் கணக்கிடுங்கள். மூத்தவன் குடும்ப வருமானம் 19,000, தவணை வரம்பு 9,500. இளையவனுக்கு 12,000, வரம்பு 6,000. இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு சென்டரில் உட்கார்ந்து, எந்த விதியையும் மீறாமல், மாதம் 15,500 ரூபாய் வரை டியூ கட்டுகிற கடனை வாங்கிவிடலாம். லோன் ஆபீசர் நேர்மையானவர், படிவத்தில் பொய் ஒன்றும் இல்லை, கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையும் சுத்தம். வீட்டின் மொத்த வரவு, கிழவியின் பணத்தையும் சேர்த்து, 32,200. டியூ போக 16,700-இல் ஏழு பேர் சாப்பிட வேண்டும். சிரமம்தான். ஆனாலும் நம் பெண்கள் ஓட்டிவிடுவார்கள். பாமாயிலும் துவரம்பருப்பும் ரேஷனில் வாங்கி, மாதக் கடைசியில் பாலை நிறுத்தி, தங்கள் இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஓட்டுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன ஆகும்? மழையில் கட்டட வேலை பாதியாகிறது. அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே தொழில், ஒரே மழை. 27,000 என்பது 13,500 ஆகிறது. தையலும் உரிமைத் தொகையும் ஓய்வூதியமும் அப்படியே இருக்கிறது என்று வைத்தாலும் வரவு 18,700. டியூ மாறாமல் 15,500. மிச்சம் 3,200 ரூபாய், ஏழு வயிற்றுக்கு, ஒரு மாதத்துக்கு. கேஸ் எடுத்தபின் பாக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதங்களில்தான் தண்டல்காரர் தெருவுக்குள் வருகிறார். அவர் கொடுப்பது எந்த அறிக்கையிலும் ஏறாது, எந்தப் பாதி வரம்புக்குள்ளும் வராது.

நெறிமுறையின் இணைப்பைப் படித்தவர்கள் மறுப்பார்கள். வருமானம் தினமா, வாரமா, மாதமா என்று கேட்கிறது. ஆண்டில் எத்தனை மாதம் வேலை என்று கேட்கிறது. உணவு, வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம், விசேஷச் செலவு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. நன்றாகவே வடிவமைத்த தாள். ஆனால் அத்தனையும் கேட்டு எழுதிய பிறகு வரம்பைக் கணக்கிடும்போது எடுத்துக்கொள்வது சராசரி மாத வருமானத்தின் பாதியை மட்டும். செலவு அந்தக் கணக்கில் ஒரு ரூபாயைக்கூட குறைப்பதில்லை. பிறகு எதற்குக் கேட்டார்கள்? ஒரு பெண்ணிடம் அவள் வீட்டு விசேஷத்துக்கு என்ன செலவானது, கழிப்பறை இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

அதே இணைப்பு அரசு உதவித்தொகை, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகியவற்றையும் பிற வருமானமாகக் காட்ட இடம் தருகிறது. ஆக, குடும்பத் தலைவியின் கைக்கு உரிமை என்று அரசு கொடுத்த ஆயிரத்தில் ஐந்நூறு, படிவத்தில் ஏறிய அன்றே தவணை கட்டும் சக்தியாக மாறிவிடுகிறது. பட்ஜெட்டில் ஒதுக்குவது ஒருவர், அதன்மேல் கடன் எழுதுவது இன்னொருவர்.

மாமியாருக்கு வருவோம். வசூல் அழைப்புகள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூடாது என்கிறது நெறிமுறை. நல்ல விதிதான். குறித்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். அதுவும் நல்லதே. ஆனால் மருமகள் கூலிக்குப் போகும் வீடுகளில் அவள் 7 மணிக்கே கிளம்பிவிடுகிறாள். திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிடும். விதி அனுமதிக்கும் அந்த ஒன்பது மணி நேரமும் வீட்டில் இருப்பது கிழவி. படிவத்தில் குடும்ப உறுப்பினராக இல்லாதவள்தான் வாசலுக்கு வந்து, “பொழுது சாய வாப்பா, புள்ள வேலைக்குப் போயிருக்கா” என்று பதில் சொல்கிறாள். பொழுது சாய்ந்து வரக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. அப்புறம் அவளிடம்தான் பேசுகிறான். கடன் வாங்கியவரின் உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அவள் உறவினர். அந்த வீட்டில் அரிசி களைபவளும், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருபவளும் அவள்தான் என்பதும், அவள் இருப்பதால்தான் மருமகள் வேலைக்கே போக முடிகிறது என்பதும் தாளில் எங்கும் இல்லை. அவளுடைய மருந்துச் செலவும் இல்லை. அவளுடைய 1,200 மட்டும், களத்தில் நடப்பதைச் சொன்னால், பல படிவங்களில் மகன் வீட்டு வருமானத்தோடு சேர்ந்துவிடுகிறது.

கூட்டங்களில் எழுந்து இதைக் கேட்டால் மாவட்டத்தில் இருப்பவர் மாநிலத்தைக் காட்டுகிறார், மாநிலத்தில் இருப்பவர் மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கியைக் காட்டுகிறார். மும்பையில் இருப்பவர் கலந்தாய்வுக்கு அழைப்பது கடன் கொடுக்கும் நிறுவனங்களை. கஞ்சித் தண்ணியை எத்தனை பேருக்கு ஊற்றலாம் என்று தினமும் கணக்குப் போடுகிறவளை அழைத்ததில்லை. அவளோடு இருபது வருடம் உட்கார்ந்து நோட்டு எழுதிய நம்மையும் அழைத்ததில்லை. பதிலுக்கு நமக்கு வருவது பயிற்சிக் கையேடு. 2025 பிப்ரவரியில் நடந்த நிதிக் கல்வி வாரத்துக்குப் பெண்களின் செழிப்பு என்று கருப்பொருள் வைத்திருந்தார்கள். வரவறிந்து செலவு செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று நம்மிடம் சொல்கிறார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் திங்கட்கிழமை டியூவை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, மீதியைப் புருஷன் கண்ணில் காட்டுகிறவளுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காதே என்றா? படம் போட்ட அட்டைகளில் அதைக்கூடப் பார்த்தாகிவிட்டது.

கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நம் வாதத்துக்கு ஒரு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. பொது உலையைக் குடும்பம் என்று எடுத்தால் மேலே சொன்ன வீட்டின் ஆண்டு வருமானம் 3,86,400. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அடமானமில்லாத நுண்கடனுக்கே அது தகுதி இழக்கும். ஏழையைக் காப்பாற்றப் போய் ஏழை இல்லை என்று எழுதிவிடுவோம். இதைக் கேட்டவர்கள் நம் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள், சரியாகவே கேட்டார்கள்.

இரண்டு கேள்விக்கும் ஒரே வரையறையைப் பயன்படுத்துவதால் வரும் சிக்கல் இது. கடனுக்குத் தகுதி உண்டா என்பதற்கு இன்றுள்ள வரையறையே இருக்கட்டும். எவ்வளவு தவணை தாங்கும் என்பதற்கு மட்டும் உலையை எண்ணட்டும்: அந்த அடுப்பில் சாப்பிடுபவர் எத்தனை பேர், அந்த அடுப்புக்கு வரும் பணம் எவ்வளவு, அந்த அடுப்பிலிருந்து ஏற்கனவே போகும் டியூ எவ்வளவு. வரம்பு, ஆண்டுச் சராசரியின் பாதியாக இல்லாமல், வரவு மிகக் குறைந்த மாதத்தில் சாப்பாடு, மருந்து, வாடகை போக நிற்கும் தொகைக்குள் இருக்கட்டும். உரிமைத் தொகை, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை மூன்றையும் வருமானப் பக்கத்தில் எழுதவே கூடாது. இப்படிச் செய்தால் கடன் தொகை குறையும். குறையத்தான் வேண்டும். மழைக் காலத்தில் தவணையை நிறுத்திவைத்து தை மாதத்திலிருந்து கட்டும் ஏற்பாட்டை நிறுவனங்கள் கொண்டுவந்தால் அந்தக் குறைவையும் ஓரளவு ஈடுகட்டலாம்.

ரிசர்வ் வங்கி இதை உடனே ஏற்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் வங்கிக் கடன் இணைப்புக்காக நம் சுய உதவிக் குழுக்கள் தயாரிக்கும் கடன் திட்டத்தில் இதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்தச் சுற்றிலிருந்தே உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, ஒரே உலையில் உண்பவர் எண்ணிக்கையை எழுதுங்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மருமகள்கள் இரண்டு குழுவில் இருந்தால் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பரிந்துரை செய்யுங்கள். புதிய சட்டத்தின் கீழ் யாராவது புகார் கொடுக்கும்போது உடன் போகிறவர்கள், மிரட்டல் நடந்த நேரத்தோடு, வாசலில் நின்று பேசியது வீட்டில் யார், அவர் பெயர் கடன் படிவத்தில் உறுப்பினராக இருந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அப்படி எடுத்த கணக்குகளை இதழுக்கு அனுப்பினால் தொகுத்து ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் மனுவோடு சேர்ப்போம். வீட்டாரின் பெயர், குழுவின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். உண்பவர் எத்தனை பேர், பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக வரவு எவ்வளவு, டியூ எவ்வளவு என்பது போதும்.